காலரியிலிருந்து எழுந்த குரல்

சென்னைக்கு வடக்கே, தடாவுக்கு மேற்கே வரதய்யபாளையம் என்றோர் ஊர் உண்டு. ஆந்திரப் பிரதேசத்தில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர், 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் திருப்பதி மாவட்டத்துக்கு உரியதாயிற்று. அதன் அண்டையிலுள்ள சத்தியவேடு வட்டாரத்தில் தெலுங்கும் தமிழும் ஒரே கடைத்தெருவில் வழங்குகின்றன. மொழிவழி மாநிலங்களின் எல்லைகள் திருத்தப்பட்டபோது, 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள், சத்தியவேட்டுப் பக்கத்து ஊர்கள் பல செங்கற்பட்டு மாவட்டத்தினின்று நீங்கி ஆந்திரத்தைச் சேர்ந்தன. அதே நாளில் திருத்தணிப் பகுதி சித்தூரை விட்டுச் சென்னை மாநிலத்தை வந்தடைந்தது.

எல்லைக்கோடு மாறினால் வரி கட்டும் கச்சேரி மாறும். பள்ளிக்கூடத்துப் பாடப்புத்தகம் மாறும். இவற்றோடு மற்றொரு சிறு கேள்வியும் எழுகிறது. சந்தோஷ் கோப்பைப் பந்தயத்தில் மாநிலத்தோடு மாநிலம் மோதுகிறதே, எல்லைப்புறத்துத் தமிழர் எந்த அணிக்குக் கை தட்டுவது? இது வேடிக்கையான வினாவாகத் தோன்றலாம். ஆயினும், பெங்களூரிலும் மும்பையிலும் டில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவர் அனைவரையும் இது என்றேனும் ஒரு நாள் எதிர்ப்பட்டே தீரும். தெருக்கோடி மைதானத்தில் அண்டை வீட்டார் நம்மைத் திரும்பிப் பார்த்து, நீங்கள் எந்தக் கட்சி என்று கேட்கும்போது, நாம் என்ன விடை சொல்வது?

இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தால், நம் நாட்டுக் கால்பந்தாட்ட வரலாற்றில் ரசிகர்களுக்கு உள்ள இடம் யாது என்பதையே ஆராய வேண்டியதாகிறது. ஆட்டக்காரரைப் பற்றி நூல்கள் உண்டு. சங்கங்களின் நடவடிக்கைகளுக்குக் குறிப்பேடுகள் உண்டு. காலரியில் வெயிலில் அமர்ந்து தொண்டை வறளக் கூவியவர்களின் கருத்துக்கோ ஏடு இல்லை. ஆயினும் பந்தயங்களின் அமைப்பு, பயிற்றுநரின் தேர்வு, மைதானத்து விதிகள் ஆகிய மூன்றிலும் அவர்கள் சொல் வரலாற்றை அசைத்திருக்கிறது. அம்மூன்றையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலில் பந்தயங்கள். 1888இல் சிம்லாவில் டூரண்ட் கோப்பையும், 1893இல் கல்கத்தாவில் ஐ.எப்.ஏ. கேடயமும் தொடங்கின. அக்காலத்தில் அவை பெரும்பாலும் வெள்ளையர் பட்டாளங்களின் பொழுதுபோக்காகவே இருந்தன. அந்நிலையை மாற்றியது 1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள். மோகன் பகான் அணியினர் பதினொருவருள் பதின்மர் வெறுங்காலுடன் ஆடி, ஈஸ்ட் யார்க்ஷயர் பட்டாளத்தை 2க்கு 1 என்ற கணக்கில் வென்று கேடயத்தைக் கைப்பற்றினர். அன்று கல்கத்தாவில் கூடிய கூட்டத்தில் ஆட்டத்தைக் கண்ணால் கண்டவர் சிலரே. தொலைவில் நின்றோருக்குப் பட்டம் பறக்கவிட்டுக் கோல் கணக்கை அறிவித்தார்கள் என்பர். காண இயலாதெனினும் அங்கே வந்து நிற்க வேண்டும் என்று பல்லாயிரம் பேர் எண்ணினர். சங்கத்தார் நடத்திய ஒரு பந்தயம் மக்களின் உடைமையாக மாறியது அன்றுதான்.

அடுத்து, குடிபெயர்ந்தோர் கதைக்கு வருவோம். 1920ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள் கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் கழகம் தோன்றிற்று. பிழைப்பை நாடிக் கிழக்கு வங்கத்திலிருந்து நகரத்துக்கு வந்தோர் அதைத் தம்முடையதாகக் கொண்டனர். 1947இல் நாடு பிரிவுற்றபின், வீடும் நிலமும் இழந்து வந்த அகதிகளுக்கு, இழந்த ஊரின் பெயரைத் தாங்கி நின்றது அக்கழகம் ஒன்றே. ஊரை விட்டு வந்தவனுக்கு ஓர் அணி எத்துணை ஆறுதலாகக்கூடும் என்பதை உணர இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அவ்வகதிகளின் உள்ளத்தைக் குளிர்வித்தவர்கள் யார் என்று பார்த்தால் நமக்கு வியப்பு மேலிடும். 1949, 1950, 1951 ஆகிய மூன்றாண்டுகளிலும் ஈஸ்ட் பெங்கால் தொடர்ந்து ஐ.எப்.ஏ. கேடயத்தை வென்றது. அக்காலத்து முன்வரிசை ஆட்டக்காரரான வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவரையும் வங்காளிகள் பஞ்ச பாண்டவர் என்று கொண்டாடினர். ஐவரும் தென்னாட்டிலிருந்து சென்றவர்கள்! வங்க மொழியை அங்கே போய்க் கற்றுக்கொண்டவர்களுக்காக, வங்கத்து அகதிகள் கண்ணீர் மல்கக் கரகோஷம் செய்தனர். தாய்மொழி எது என்று எவரும் கேட்டுக் கொண்டிருக்கவில்லை.

மாநிலப் பற்றைப் பந்தயமாக்கியது சந்தோஷ் கோப்பை. 1937இல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் நிறுவப்பட்டது; 1941இல் இக்கோப்பைக்கான போட்டி தொடங்கிற்று. சந்தோஷ் என்பது கிழக்கு வங்கத்து ஜமீன் ஒன்றின் பெயர். அந்த ஜமீனின் மகாராஜா நினைவாகவே கோப்பை இப்பெயர் பெற்றது. மகிழ்ச்சி என்ற பொருளில் அன்று. மைசூர் அணி 1946-47, 1952-53, 1967-68, 1968-69 ஆகிய பருவங்களில் இதனை வென்றது. ஹைதராபாத் அணி 1956-57, 1957-58 ஆகிய இரு பருவங்களிலும், ஆந்திரப் பிரதேசம் என்ற பெயரில் 1965-66இலும் வாகை சூடிற்று. நம் தமிழ்நாட்டு அணியோ 2012இல் கட்டாக்கில் இறுதி ஆட்டம் வரை சென்று, சர்வீசஸ் அணியிடம் 2க்கு 3 என்று தோற்றது. 2024ஆம் ஆண்டு முடிய அக்கோப்பை சென்னைக்கு வந்ததில்லை.

ஆகவே, 1960இல் எல்லைக்கு அப்பால் சென்ற ஊர்களின் தமிழர்க்கு, ஆறாண்டுக்குள் கோப்பை வென்ற மாநிலம் வாய்த்தது என்று சொல்லி நகைக்கலாம். ஆனால் இதில் நகைப்புக்கு மேலும் ஒன்று உண்டு. செகந்தராபாத்தை அடுத்த அம்முகூடா என்ற இடத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். ஹைதராபாத் அணியில் ஆடி அவர் சந்தோஷ் கோப்பையை வென்றார். பின்னர் கல்கத்தா சென்று வங்கத்துக்காகவும் ஆடினார். ஹைதராபாத்தில் பிறந்த பீட்டர் தங்கராஜ், மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணியின் கோல்காவலராக நின்று, அவ்வணி 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் டூரண்ட் கோப்பையை வெல்லத் துணைபுரிந்தார். பெங்களூர் தந்த அருமைநாயகம் மோகன் பகானில் புகழ்பெற்றார். இம்மூவரும் 1962ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இடம் பெற்றிருந்தனர். தமிழகத்தின் எல்லைக்குள் வென்ற கோப்பைகளை மட்டும் எண்ணுவோமாயின், இவர்கள் கணக்கில் வராமற் போவார்கள். அது நியாயமாகுமா?

இக்காலத்துப் பந்தயங்களைப் பற்றியும் ரசிகர்கள் கடுமையாக வாதிட்டிருக்கிறார்கள். 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. அதில் சென்னையின் எப்.சி. 2015ஆம் ஆண்டிலும் 2017-18ஆம் பருவத்திலும் சாம்பியன் ஆயிற்று. மற்றொரு பக்கம், பழைய ஐ-லீக்கில் சென்னை சிட்டி கழகம் கோயம்புத்தூரைத் தாயகமாகக் கொண்டு ஆடி, 2018-19இல் முதலிடம் பெற்றது. ஆனால் 2019இலேயே சூப்பர் லீக்குக்கு முதல் தகுதி அளிக்கப்பட்டது. ஐ-லீக் இரண்டாம் படிக்கு இறங்கிற்று. வென்ற கழகத்துக்கு மேற்படி ஏறும் வழி அப்போது இல்லை. சில ஆண்டுகளில் சென்னை சிட்டி லீக்கை விட்டே மறைந்தது. வெற்றி பெற்றவனுக்கு உயர்வு இல்லையெனில் பந்தயம் எதற்கு என்று கேட்ட ரசிகர்களின் வாதம் பொருளற்றதன்று. 2023இல்தான் ஐ-லீக்கை வென்ற பஞ்சாப் அணி சூப்பர் லீக்குக்கு உயர்த்தப்பட்டது.

மேலைநாட்டிலும் இதே வழக்கைக் காண்கிறோம். 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் ஐரோப்பாவின் செல்வம் மிக்க 12 கழகங்கள் தமக்கெனத் தனியொரு சூப்பர் லீக் அமைப்பதாக அறிவித்தன. அவை யாவும் தோற்றாலும் இடம் இழக்காத நிலையைத் தமக்கு வகுத்துக்கொண்டன. இங்கிலாந்தின் ரசிகர்கள் மைதான வாயில்களில் திரண்டனர். மூன்றே நாளில் அத்திட்டம் குலைந்தது. தோல்விக்கு அஞ்சாதவன் பெறும் வெற்றியில் சுவையில்லை என்பதை முதலாளிகளுக்கு உணர்த்தியவர்கள் சீட்டு வாங்கி உள்ளே வருபவர்களே.

இனி, பயிற்றுநரைப் பற்றிக் காண்போம். அணி வென்றால் ஆட்டக்காரர் பெயரையும், தோற்றால் பயிற்றுநர் பெயரையும் சொல்வது உலக வழக்கு. இதற்கு விலக்காக நிற்பவர் ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீம். அடிப்படையில் அவர் ஒரு பள்ளி ஆசிரியர். ஹைதராபாத் நகரப் போலீஸ் அணி, அவர் பயிற்சியில், 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றது. இந்திய அணி அவர் மேற்பார்வையில் 1951இல் டில்லியிலும் 1962இல் ஜகார்த்தாவிலும் ஆசியத் தங்கத்தைப் பெற்றது. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடத்தை எய்தியது. பயிற்சிக்கு வந்து போக வசதியற்றிருந்த இளம் பலராமுக்கு, வாடகைச் சைக்கிளுக்கு ரஹீம் தம் கையிலிருந்து பணம் கொடுத்தார் என்று பலராம் பிற்காலத்தில் நினைவுகூர்ந்ததுண்டு.

ஜகார்த்தா இறுதி ஆட்டம் 1962ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் நடைபெற்றது. இஸ்ரேலையும் தைவானையும் விலக்கியதைப் பற்றி இந்திய விளையாட்டு அதிகாரி ஒருவர் கூறிய கருத்தால் அந்நாட்டு மக்கள் சினம் கொண்டிருந்தனர். மைதானம் முழுவதும் நம் அணிக்கு எதிராக ஆர்ப்பரித்தது. அந்தப் பேரிரைச்சலின் நடுவே நமக்காகக் குரல் கொடுத்தவர்கள் யாவர்? அங்கே வந்திருந்த பாகிஸ்தான் ஹாக்கி அணியினர் என்று நம் ஆட்டக்காரர் பின்னாளில் சொல்லி மகிழ்ந்தனர். பி.கே. பானர்ஜியும், தலைக்காயத்துடன் ஆடிய ஜர்னைல் சிங்கும் கோல் அடிக்க, தென் கொரியாவை 2க்கு 1 என்று வென்றோம். நோயுற்றிருந்த ரஹீம் அடுத்த ஆண்டு ஜூன் மாதம் காலமானார். அதன்பின் இந்திய அணி ஆசியத் தங்கத்தைக் கண்டதில்லை.

பயிற்றுநரின் திறனைப் பற்றி ஒரு நகரமே இரு கட்சியாகப் பிரிந்த நிகழ்ச்சி 1997இல் கல்கத்தாவில் நேர்ந்தது. மோகன் பகானுக்கு அமல் தத்தாவும், ஈஸ்ட் பெங்காலுக்கு பி.கே. பானர்ஜியும் பயிற்றுநர்கள். அமல் தத்தா வைர வடிவில் ஆட்டக்காரரை நிறுத்தும் புதுமுறையைக் கையாண்டு வெற்றிமேல் வெற்றி கண்டிருந்தார். பானர்ஜியோ ஆட்டக்காரரின் நெஞ்சில் கனல் மூட்டும் பேச்சுக்குப் பெயர் போனவர். ஜூலை 13ஆம் நாள் பெடரேஷன் கோப்பை அரையிறுதியைக் காண 1,31,000 பேருக்கு மேல் சால்ட் லேக் மைதானத்தில் கூடினர். பைச்சுங் பூட்டியா மூன்று கோல் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4க்கு 1 என்று வென்றது. வைரம் சிதறியது என்றனர் ஒரு சாரார். ஒரு தோல்வியால் ஒரு முறை பொய்யாகிவிடாது என்றனர் மற்றொரு சாரார். ஆட்டத்தின் நுட்பத்தைத் தேநீர்க்கடையில் அமர்ந்து இவ்வாறு ஆய்ந்தவர்களை வெறும் கூச்சலிடுவோர் என்று ஒதுக்க இயலுமா?

ஆயினும் ரசிகரின் அன்பு சில வேளைகளில் நீதியை மறைப்பதும் உண்டு. 2023ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் பெங்களூரில், சுனில் சேத்ரி விரைந்து அடித்த பிரீ கிக் கோல் செல்லும் என்று நடுவர் தீர்ப்பளித்தார். கேரளா பிளாஸ்டர்ஸ் அணியினர் அதை ஏற்காமல் தம் பயிற்றுநர் இவான் வுகோமனோவிச்சுடன் மைதானத்தை விட்டு வெளியேறினர். அவரையும் அணியையும் கொச்சியில் ரசிகர்கள் வீரர்க்குரிய வரவேற்புடன் எதிர்கொண்டனர். சம்மேளனமோ கழகத்துக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்றுநருக்கு 10 ஆட்டங்களுக்குத் தடையும் விதித்தது. நடுவர் தவறினார் என்று கருதுவதற்கு ரசிகருக்கு உரிமை உண்டு. ஆட்டத்தை நடுவில் கைவிடுவதை நாம் ஆதரித்தால், நாளை நம் எதிரணியும் அவ்வாறே செய்யும் என்பதை மறத்தலாகாது.

பயிற்றுநர் அயல்நாட்டவரா, உள்நாட்டவரா என்ற வாதமும் ஓயாதது. இந்திய அணிக்கு நெடுநாள் வெளிநாட்டார் பலர் வந்து சென்றனர். 2024 ஜூனில் குரோஷியரான இகோர் ஸ்டிமாக் நீக்கப்பட்டார். பின்னர் ஸ்பெயின் நாட்டு மனோலோ மார்க்கேஸ் வந்தார். 2025 ஆகஸ்டில் காலித் ஜமீல் நியமனம் பெற்றார். சாவியோ மெதிராவுக்குப் பிறகு, 13 ஆண்டு கழித்து, நிரந்தரப் பொறுப்பை ஏற்ற இந்தியர் அவர். ரஹீமின் நினைவு இன்னும் நீங்காதிருப்பதே இவ்வாதத்தின் ஆணிவேர்.

மூன்றாவதாக விதிகள். முதல் வழக்கு காலணியைப் பற்றியது. 1948இல் லண்டன் ஒலிம்பிக்கில் நம்மவர் பலர் வெறுங்காலுடன் பிரான்சை எதிர்த்து ஆடி 1க்கு 2 என்று தோற்றனர். நம் பக்கத்து ஒரே கோலை அடித்தவர் பெங்களூர் சாரங்கபாணி ராமன். வெறுங்கால் ஆட்டமே நம் பெருமை என்று அக்காலத்து ரசிகர் பலர் எண்ணினர். 1952இல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 1க்கு 10 என்று தோற்றபின், சம்மேளனம் பூட்ஸ் அணிவதைக் கட்டாயமாக்கிற்று. நான்காண்டில் மெல்போர்னில் நான்காம் இடம் கிடைத்தது. விரும்பாத விதியும் நன்மை பயக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

இரண்டாவது வழக்கு உயிரைப் பற்றியது. 1980ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் கல்கத்தா ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. இரு கட்சி ரசிகர்களும் ஒரே காலரியில் கலந்து அமர்ந்திருந்தனர். மைதானத்தில் ஆட்டக்காரர் இருவரிடையே மூண்ட சச்சரவு காலரிக்குத் தாவிற்று. கல்லெறியும் கைகலப்பும் தொடங்கின. அஞ்சி ஓடிய கூட்டம் குறுகிய வழிகளில் நெருங்கியது. பதினாறு ரசிகர்கள் மாண்டனர். காலையில் வீட்டில் சொல்லிக்கொண்டு ஆட்டம் பார்க்கச் சென்றவர்கள் அவர்கள். வங்கத்தில் ஆண்டுதோறும் ஆகஸ்டு 16ஐக் கால்பந்து அன்பர் நாளாகக் கடைப்பிடித்து, மாண்டோர் நினைவாக இரத்த தானம் செய்யும் வழக்கம் ஏற்பட்டது.

இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நேர்ந்த நெரிசலில் பட்ட காயங்களால், 2021 வரை 97 பேர் இறந்தனர். குடித்துவிட்டு வந்த ரசிகரே காரணம் என்று முதலில் பழி சுமத்தினர். மாண்டோரின் குடும்பத்தார் விடாது போராடினர். 2016இல் நடுவர் குழு, ரசிகர் மீது குற்றமில்லை, காவலரின் கடமை தவறியது என்று தீர்ப்பளித்தது. இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் மைதானத்தில் 2022ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் காவலர் கண்ணீர்ப்புகை வீச, வாயில்களில் நெரிசலுண்டாகி 135 பேர் மாண்டனர். மைதானத்தில் அத்தகைய புகையைப் பயன்படுத்தலாகாது என்று பன்னாட்டுச் சம்மேளனத்தின் விதி முன்பே கூறியிருந்தது. ஏட்டில் இருந்த விதி வாயிலுக்கு வரவில்லை.

இவற்றால் நாம் அறிவது யாது? மைதானத்தில் பாட்டில் கொண்டு வராதே, பட்டாசு கொளுத்தாதே, எதிர்க்கட்சியார் மேடைக்குச் செல்லாதே என்று சொல்லும்போது ரசிகர்கள் முணுமுணுக்கின்றனர். அவ்விதிகளுள் பல, இறந்தோரின் பொருட்டு எழுதப்பட்டவை. அதே சமயம், எத்தனை வாயில்கள் திறந்துள்ளன, எத்தனை சீட்டு விற்கப்பட்டது, குடிநீர் எங்கே உள்ளது என்று கேட்பதும் ரசிகரின் உரிமை. கட்டுப்பாடு ஒருவர்க்கு மட்டும் என்றால் அது விதியாகாது. நடத்துவோரையும் காண்போரையும் ஒருசேரக் கட்டுவதே விதி.

ரசிகர் வராமற் போனால் என்னாகும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2018ஆம் ஆண்டு ஜூன் மாதம் மும்பையில் இந்தியா சீனத் தைப்பேயை வென்ற ஆட்டத்தைக் காண 2,569 பேர்தாம் வந்தனர். திட்டுவதாயினும் மைதானத்துக்கு வந்து திட்டுங்கள் என்ற கருத்துப்பட சுனில் சேத்ரி மக்களை வேண்டிக்கொண்டார். கென்யாவுடன் நடந்த அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டுகள் முழுவதும் விற்றுத் தீர்ந்தன. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள், போதிய காவல் இல்லையென்று கொல்கத்தாவில் டூரண்ட் கோப்பை ஆட்டம் ரத்தானபோது, மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று கழகங்களின் ரசிகரும் ஒன்றாகத் தெருவில் நின்று, கொலையுண்ட ஒரு பெண் மருத்துவருக்கு நீதி கேட்டனர். 1980இல் ஒருவரையொருவர் கல்லெறிந்தோரின் வழித்தோன்றல்கள் தோளோடு தோள் நின்றனர்.

ஆகவே, எந்த அணிக்குக் கை தட்டுவது என்று வரதய்யபாளையத்தாரும், அவரைப்போல் வேற்று மாநிலத்தில் வாழும் தமிழரும் கேட்பாராயின், வரலாறு அவர்க்கு ஒரே விடையைக் கட்டளையிடவில்லை. வங்கத்து அகதிகள் தென்னாட்டாரைத் தம் பாண்டவராக்கினர். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள், நாலாண்டுக்கு மேலாக மோகன் பகானிடம் தோற்று வந்த ஈஸ்ட் பெங்காலுக்கு வெற்றிக் கோல் அடித்தவர் சென்னை நந்தகுமார் சேகர். பிறந்த மண்ணின் அணி தோற்கும்போது நெஞ்சு வலிப்பது இயல்பு. வாழும் மண்ணின் அணி வெல்லும்போது எழுந்து நிற்பதும் இயல்பே. இரண்டையும் ஓர் உள்ளம் தாங்கும். தாங்க இயலாதது ஒன்றுதான்: ஆட்டம் பார்க்கப் போனவன் வீடு திரும்பாதிருத்தல். அது நேராதபடி காக்கும் பொறுப்பு சங்கத்தாருக்கும் காவலருக்கும் உள்ளதுபோலவே, காலரியில் நம் பக்கத்தில் அமர்ந்திருக்கும் எதிர்க்கட்சிக்காரரின் தோளைத் தொட்டுப் பேசக்கூடிய நமக்கும் உண்டு.